பிழை எண் அறுநூற்றுப் பன்னிரண்டு

வெப்கேம் செயலியின் புதிய பதிப்பு வெளியாகப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அக்கா படத்தில் விழுவது நின்றுபோனது. அன்று திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. கணினித் திரையின் தலையில் உட்கார்ந்திருந்த வெப்கேம் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிப் படம் எடுத்தது. படத்தில் நாற்காலி இருந்தது, அதன் முதுகில் போட்ட துண்டு இருந்தது, பின்சுவரில் மாதக்கணக்காய்க் கிழிக்காத காலண்டர் இருந்தது, அலமாரிக் கதவின் உடைந்த கைப்பிடிகூட இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்தான் இல்லை. லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்தாள். டிராயரில் கிடந்த பழைய கேமராக்கள் இரண்டையும் மாற்றிப் பார்த்தாள். துண்டின் பிசிறுகள்தான் இன்னும் துல்லியமாக வந்தன. இது பயப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது, பயம்தான் வரவில்லை. பிழைப் பட்டியலைத் திறந்து, ‘612: பராமரிப்பவர் படத்தில் விழுவதில்லை, மற்றவை நன்றாக விழுகின்றன’ என்று எழுதிவிட்டு, மதிய வேளைகளில் அவள் கண் பரிசோதனை செய்யும் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அந்தச் செயலி அவள் தம்பியுடையது. வெப்கேமில் படம் எடுக்கும், எண்ணி எடுக்கும், கேட்டால் அடுத்தடுத்து நாலு படம் எடுக்கும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, உள்ளே எழுதியிருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஒன்பது வருடம் அவன் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். அக்கா மெனுக்களை மொழிபெயர்த்துக் கொடுத்தாள். தம்பி அவளை அக்கா என்று எழுதியதால், செயலிக்கு உதவிய, முகமே பார்த்திராத ஏழெட்டு நாட்டு ஆட்களும் அவளை அக்கா என்றே எழுதினார்கள். போன வருடம் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் தம்பி மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்; பஸ் வந்தது, அவன் எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்தெட்டு. எல்லோரும் அக்கா அழுவாள் என்று நாலு நாள் காத்திருந்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவள் அழவில்லை. பிடிவாதம் ஒன்றுமில்லை, வரவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதும் அப்போதிருந்து அவளுக்குத் தெரிவதில்லை.

செயலியை அப்படியே கைகழுவி விட்டிருப்பாள். ஆனால் கணினிகளின் இயங்குதளம் மாறியது, பழைய பதிப்பின் கண்ணுக்கு எந்தக் கேமராவும் தட்டுப்படாமல் போயிற்று. மலைப்பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ் கடிதம் எழுதினாள். அங்கே நாற்பத்தொரு சின்ன மருத்துவமனைகளில் புண், தடிப்பு, வீக்கம் எதுவானாலும் இந்தச் செயலியில்தான் படமெடுத்து நகரத்து மருத்துவருக்கு அனுப்புவார்கள். இப்போது நோயாளிகள் ஆறு மணி நேரம் வண்டியில் குலுங்கிக்கொண்டு போகிறார்கள். சர்க்கரை நோய்க்காரர் ஒருவருக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் விரல் இரண்டு போய்விட்டது. ‘யாராவது இருக்கீங்களா?’ என்று கடிதம் முடிந்திருந்தது. நான் இருக்கிறேன் என்று அக்கா பதில் போட்டாள். தம்பியின் நிரலை முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்தாள். படிக்க நாலு மாதம், திருத்த மூன்று மாதம் ஆயிற்று. நிரலுக்கு நடுவே அவன் எழுதிவைத்திருந்த குறிப்புகளும் வந்தன. ‘இது ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியாது, தொடாதீங்க’ என்று ஓரிடத்தில் இருந்தது. அவள் தொடவில்லை.

612-ஐ முதலில் பிடித்துக்கொண்டது கொசு. உதவிக்காரர்களில் ஒருவருக்குத் தம்பி வைத்த பெயர் அது; சின்னச் சின்னப் பிழைகளைக் கண்டுபிடித்துக் காதருகே ரீங்காரம் போடுவார், விரட்டினாலும் போகமாட்டார். அக்கா அனுப்பிய படத்தைப் பார்த்து, “நீங்க தெரியலங்கறது வாஸ்தவம்தான். ஆனா காலண்டர் பிரமாதமா விழுந்திருக்கு, போன வருஷத்துதா?” என்று எழுதினார். பிறகு எட்டு நாள் விவாதம் நடந்தது. ஆளாளுக்குத் தங்கள் முகத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். எல்லோரும் விழுந்தார்கள், ஒருவருடைய பூனையும் விழுந்தது. கொசு விடாப்பிடியாக ஒன்பது வருடத்துப் பதிப்புகளையும் தோண்டி எடுத்து அனுப்ப, அக்கா அவற்றைப் பழைய கணினி ஒன்றில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். தம்பி எழுதிய முதல் பதிப்பிலும் அவள் இல்லை. எனவே குற்றம் நிரலில் இல்லை என்று முடிவாயிற்று. “வெளியீட்டைத் தள்ளிப் போடலாமா அக்கா?” என்று கொசு கேட்டார். “அங்க ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க. குறிப்புல ‘தெரிந்த குறைகள்’ பகுதியில போட்டுடலாம்” என்று அக்கா எழுதினாள்.

வெளியீட்டுக் குறிப்பைப் பிழைதிருத்தத் தம்பி மனைவியிடம் கொடுத்தாள். அச்சகத்தில் பிழைதிருத்துவது அவளுக்கு வேலை. இருவரும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். கேஸ் தீர்ந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது என்பதற்கு மேல் பேச்சு போய் மாதக்கணக்காகிவிட்டது. அவள் சிவப்புப் பேனாவோடு வந்து வாசலில் நின்றாள்.

“கடைசி வரி புரியலக்கா. பராமரிப்பவர்னா யாரு?”

“நான்தான்.”

“எத்தனை நாளா இப்படி?”

“பதினோரு நாளா.”

“ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா!”

“அதான் குறிப்புல போட்டிருக்கேனே.”

தம்பி மனைவி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினாள். வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று, அக்காவின் தோளில் கையை வைத்து, “எடுங்க” என்றாள். மூன்று, இரண்டு, ஒன்று. படத்தில் தம்பி மனைவி தெளிவாக விழுந்தாள், கலைந்த தலையோடு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. கை மட்டும் அந்தரத்தில் நின்றது. விரல்கள் எதையோ நழுவவிடக்கூடாது என்பதுபோல மடங்கியிருந்தன.

“நீங்க அழவே இல்லக்கா. எனக்கு அதுல உங்க மேல கோபம்.”

“வரலம்மா. வந்தா அழ மாட்டேனா?”

“எனக்கும் ரெண்டு மாசமா அழுகை நின்னு போச்சு” என்றாள் தம்பி மனைவி. கையை எடுக்கவில்லை. அந்தக் கை கனமாகவும் கொஞ்சம் சூடாகவும் இருப்பது அக்காவுக்குத் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை முற்பகலில் பதிப்பு வெளியாயிற்று. உருவாக்கியவர் என்ற இடத்தில் தம்பி இருந்தான். பராமரிப்பவர் என்ற இடத்தில் முதல்முறையாக அக்காவின் பெயர் ஏறியது. மூன்றாம் நாள் நர்ஸ் எழுதினாள். நாற்பத்தொரு இடத்திலும் கேமரா வேலை செய்கிறது, ஒரு குதிகால் புண்ணை மருத்துவர் அன்றைக்கே பார்த்து மருந்து சொல்லிவிட்டார், கால் பிழைத்தது. கீழே இன்னும் சில வரிகள் இருந்தன: ‘படத்துல விழாதவங்க இங்கயும் மூணு பேர் இருக்காங்க. இத்தனை நாளா மெஷினைத் திட்டிக்கிட்டிருந்தோம், உங்க குறிப்பைப் படிச்சப்புறம் விட்டுட்டோம். அவங்க புண்ணை மட்டும் அளந்து கையால வரைஞ்சு அனுப்பறோம்.’ அக்கா அதைப் படித்துவிட்டு, செயலியின் கையேட்டில் அப்படியே ஒரு பத்தியாகச் சேர்த்தாள். கொசு அதில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார்.

அதன்பின் ஐந்து வருடத்தில் ஏழு பதிப்புகள் வந்தன. 612 ஒவ்வொன்றின் குறிப்பிலும் கடைசி வரியாக நின்றது. புதிதாக வந்தவர்கள் ஏன் என்று கேட்பதும் நின்றது. ஆறாம் வருடம் அக்கா ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனாள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, முறை வந்ததும் நீலத் திரைக்கு முன்னாலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அலுவலர் படமெடுத்தார். கணினித் திரையில் முக்காலியைப் பார்த்தார், அக்காவை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி முக்காலியைப் பார்த்தார்.

“கண்ணாடியைக் கழட்டுங்கம்மா. கண்ணாடி போட்டிருந்தா ஒத்துக்க மாட்டாங்க” என்றார்.

அவள் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் இன்னொரு படம் எடுத்தார். நீலத் திரையும் முக்காலியும் பளிச்சென்று விழுந்திருந்தன.

“இப்ப சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.