நீர்ப் பாதி

மாக்கிறேற் அக்கா பால்மாத் தகரப் பேணியை என் மேசையில் கவிழ்த்தார். கொட்டியதெல்லாம் அரைக் குளிசைகள். பாக்குவெட்டியால் சரிபாதியாக வெட்டப்பட்டவை.

"நீர்ப் பாதியெல்லாம் வீணாக்காமல் வைச்சிருக்கிறன், தம்பி. மருந்துத் தட்டுப்பாடெண்டு சொல்லினம். ஆருக்கும் குடுங்கோ."

2007 மாசி. யாழ்ப்பாணத்துக்கான தரைவழி ஏ-9 பாதை மூடி ஆறு மாதம். பாதை மூடுவதற்குச் சற்று முன்னர்தான், ஊர்காவற்றுறையில் மருந்து கொடுக்கிற நான், அவருடைய கணவர் சில்வெஸ்ரருக்கு இந்தக் குளிசையை விளக்கியிருந்தேன். இரத்தத்தில் சீனி ஏறும் சலரோகம் நாட்பட்டால் இருதயம் மெல்லக் களைத்துப்போகும். களைக்காமல் காக்க இரண்டு மருந்துகள்: ஒன்று இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இருதயத்தின் சுமையைக் குறைக்கும், மற்றது உப்பையும் நீரையும் சிறுநீரோடு இறக்கும். இரண்டும் ஒரே குளிசைக்குள். இப்படியானவற்றை விளக்க எனக்கு ஆசை. ஒரு கடதாசித் துண்டில் வட்டம் கீறி, நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் 'இருதயம்', அந்தப் பக்கம் 'நீர்' என்று எழுதிக் கொடுத்தேன். குளிசையிலும் நடுவே ஒரு கோடு இருந்தது.

"கடலுக்குப் போற நாளில நீர்ப் பாதி குடுக்கிறேல்லை. விடிய நேவிக்காரன்ர பாஸ் வரிசையில ரெண்டு மணித்தியாலம் நிக்கோணும். ஒண்டுக்குப் போக விலகினா அண்டைக்குக் கடலில்லை," என்றார் அக்கா.

"ஒருநாள் உடுத்த சாறம் நனைஞ்சு போச்சு," என்றார் அருகில் இருந்த சில்வெஸ்ரர், சுவரைப் பார்த்தபடி.

நான் கதிரையை இழுத்து அவர்களுக்கு அருகில் போட்டேன்.

"அக்கா, சீனி போட்டுக் கலக்கின தேத்தண்ணியை ரெண்டு கோப்பையில ஊத்தினா, ஒண்டில தேயிலைச் சாயமும் மற்றதில சீனியுமே இருக்கும்?"

அக்கா மேசையிலிருந்த பாதியொன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப இருதயத்துக்கும் அரைவாசிதான் குடுத்திருக்கிறன்."

"ஓம். நான் கீறின படம்தான் பிழை."

"என்னை அரை மனுசனெண்டுதானே ஏசுறவ," என்றார் சில்வெஸ்ரர்.

"கரைக்கு வந்தாப்பிறகு முழுசாக் குடுங்கோ," என்றேன்.

"நேவிக்காரர் எத்தினை மணிக்குக் கரைக்கு விடுவினமெண்டு ஆருக்குத் தெரியும்? நாளைக்கும் கடல், தம்பி."

சில்வெஸ்ரர் சாறத்தைச் சற்று உயர்த்தினார். நீர் கோத்து வீங்கிய கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தேன். மூவரும் குனிந்து அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிரம்பவில்லை.