நாலாவது வரி

"என்னை முந்திக்கிட்டுப் போறதே உனக்கு—"

"நானா கேட்டேன்? அவங்களாத்தான் கூப்பிட்டாங்க, அக்கா—"

"அவங்களா கூப்பிட்டாங்களாம்! மூத்தவ ஒருத்தி இங்க மரம் மாதிரி நிக்கிறேன்."

தையல் கடையில் இரண்டு மிஷினும் நின்றுவிட்டன. கண் ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் போன் வந்திருந்தது. தானமாகக் கிடைத்த கருவிழி ஒன்று இருக்கிறது, நாளைக் காலையில் தங்கை வரலாம் என்று. அக்காவைப் பற்றிப் பேச்சே இல்லை.

இருவருக்கும் ஒரே கோளாறு. கருவிழியில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையோடு சல்ஃபேட்டைச் சேர்க்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதியை உண்டாக்கும் மரபணு இவர்களுக்குப் பழுது. சல்ஃபேட் சேராத சர்க்கரை திட்டுத்திட்டாகப் படிந்து, கண்ணாடி போலிருக்க வேண்டிய கருவிழி வருஷத்துக்கு வருஷம் புகை மூடிக்கொண்டு வந்தது. அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது. ஆளுக்கு ஒரு பழுதுதான் என்பதால் பெற்றவர்களுக்கு மட்டும் பார்வை பளிச்.

"இது ஒண்ணுலதான் அவங்க ஓரவஞ்சனை பண்ணல," என்றாள் அக்கா. "ஆளுக்குச் சரிசமம். மத்ததெல்லாம் உனக்கு. அழகு உனக்கு, நல்ல புருஷன் உனக்கு, இப்ப கண்ணும் உனக்கு."

"பார்வை மோசமா இருக்கறவங்களைத்தான் டாக்டர் முதல்ல கூப்பிடுவார். கண் பரிசோதிக்கற எழுத்துப் பலகையில நான் மூணு வரி படிச்சேன். நீ நாலு படிச்சே."

"படிச்சேன். அதுக்கென்ன இப்ப?"

"படிச்சியா, ஒப்பிச்சியா?"

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்ட ஒன்றுமில்லை, வைத்துவிட்டாள்.

"சின்ன வயசுலேர்ந்து அதே பலகைதானே அங்க தொங்குது. மிஷின் மிதிச்சுக்கிட்டே அந்த நாலாவது வரியை நீ முணுமுணுக்கறது எனக்குக் கேக்காதா?"

"உளறாதே."

"நேத்து வாத்தியார் சட்டைக்கு வலது கையை இடது பக்கம் வச்சுத் தச்சிருக்கே. என் கண்ணுக்கே அது தெரிஞ்சுதுன்னா உன் கண்ணு எந்த லட்சணத்துல இருக்கும்? ஏன்க்கா இப்படிப் பண்ணினே?"

அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"உன்னைவிட என்கிட்ட கூட இருந்தது அந்த ஒரு வரிதான்டி. 'பெரியவளுக்குப் பரவாயில்லையே'ன்னு அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வா. அதைக் கேட்டுக்கிட்டே வீடு வரைக்கும் வருவேன்."

தங்கை போனை எடுத்து விரலால் தடவித் தடவி அழுத்தினாள்.

"என்ன பண்றே?"

"நீ முதல்ல போ. அடுத்தது கிடைக்கறப்ப நான் போய்க்கறேன்."

"உன் தயவுல எனக்கு ஒண்ணும் கண் வேண்டாம்! தங்கச்சி விட்டுக்கொடுத்தா, என்ன மனசு பாருன்னு ஊரே உன்னைத்தான் கொண்டாடும். அதையும் நான் பாத்துக்கிட்டு நிக்கணும். உன் புண்ணியத்துல, நல்லாத் தெளிவா!"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மறுமுனையில் நர்ஸ் இரண்டு தடவை "ஹலோ" சொல்லிவிட்டாள். தங்கை போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"லைன்ல இருக்காங்க. நாளைக்கு யார் வர்றதா சொல்லட்டும், அக்கா?"