வெதுவெதுப்பான பானெட்

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் அந்த நர்ஸுக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு மக்கர் செய்த அவளுடைய பழைய கார், வாங்கிய அன்று மட்டும் சாவியைத் திருப்பியதுமே கிளம்பியது எப்படி? இப்போது வேறொரு பழைய கார் தேடுகிறாள்; அதுவும் அப்படி ஏமாற்றினால் வேலை போய்விடும்.

சென்ட்டில் குளித்தவர் போலிருந்த கார் கடைக்காரர், "நம்ம வண்டி தங்கம் மேடம்" என்று இளித்தார். வண்டி உடனே கிளம்பியது. சொந்தக் காரை விற்கும் ஓய்வுபெற்ற அதிகாரியோ, "நான் வியாபாரி இல்லம்மா, கௌரவமான ஆளு" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அதுவும் உடனே கிளம்பியது.

"கடையிலேயே வாங்குங்க அண்ணி, பெரிய போர்டு வெச்சிருக்கான்" என்று காதைக் கடித்தான் கூட வந்த கொழுந்தன்.

"போர்டையா ஓட்டிட்டுப் போகப் போறேன்?" என்றபடி அதிகாரியின் கார் பானெட்டில் கையை ஊன்றினாள். இப்போதுதான் கிளப்பிய வண்டி, அதற்குள் நன்றாகவே சுட்டது. அவள் வருமுன்பே எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்! ஆறிய எஞ்சினைக் கிளப்புவதுதான் கஷ்டம். சூடேறிவிட்டால் எந்த ஓட்டை வண்டியும் கிளம்பும்.

மறுநாள் விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். கௌரவமானவரின் வண்டி ஐந்து முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பனி, அதான்" என்றார்.

"பனி எனக்கும்தான் சார், நான் வந்துட்டேனே."

கடை திறந்ததும் அங்கே போனாள். பானெட் சில்லென்றிருந்தது, வண்டி முதல் திருப்பலிலேயே கிளம்பியது. இளிப்பைச் சகித்துக்கொண்டு அதையே வாங்கினாள்.

விற்பவர் யாராக இருந்தாலும் சரி: சொல்லாமல் போய், பானெட்டில் கைவைத்து, சில்லென்றிருந்தால் மட்டும் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும்.