தணலோடு போன பணிஸ்

வாடைக்காற்றுப் பிடித்துவிட்டால் மயிலிட்டியில் வள்ளம் இறங்காது. ஆம்பிளையள் வீட்டில் கிடந்து பெண்டுகளிடம் பேச்சு வாங்கவேண்டியதுதான். ஆழ்வாப்பிள்ளைக்கு மட்டும் அந்த வருஷம் பொழுது போதாமல் இருந்தது. காலமை பணிஸ், அதுதான் பன், சுடுவார். பின்னேரம் லியோன் வீட்டில் யப்பான் படம் பார்ப்பார்.

பணிஸ் சுட வெளிக்கிட்டது சந்தேகத்தால். பேக்கரிக்காரன் மாவைக் கையால் குழைக்கிறானோ காலால் மிதிக்கிறானோ, ஆர் கண்டது? தானே ஒரு போறணை அடுப்புச் செய்துகொண்டார். பெரிய பிஸ்கற் தகரம், கீழே ஒரு தாச்சியில் சிரட்டைத் தணல், மூடிக்கு மேலேயும் தணல். மா பொங்கக் கள்ளு. பணிஸ் என்னவோ பஞ்சாகத்தான் வந்தது. சாப்பிட்ட ஊர் பொய் சொல்லாது.

படம் லியோன் கொண்டுவந்தது. கப்பலில் வேலை செய்கிறவன், லீவில் வரும்போது ரீவியும் வீடியோ டெக்கும் கட்டிக்கொண்டு வந்தான். படத்தில் ஆட்களே இல்லை, எல்லாம் கீறினது. கோழிமுட்டை மாதிரிக் கண்ணுள்ள பெட்டை ஒருத்தி, காணாமல் போன தமையனைத் தேடிப் பறக்கிற கப்பலில் திரிகிறாள். இவ்வளவும் லியோன் கப்பலில் கேட்டுவந்த கதை; மிச்சத்துக்கு யப்பான் பாசை ஒருத்தருக்கும் விளங்காது. அதுவும் நல்லதாய்ப் போச்சு, ஆளுக்கொரு கதை சொல்லலாம். முகமூடி போட்ட ஒருத்தன் அவளுக்குப் பின்னால் திரிந்தான். அவன்தான் தமையன் என்று தம்பிஐயா அடித்துச் சொன்னான். தம்பிஐயா ஆழ்வாப்பிள்ளையோடு வலை இழுக்கிறவன்.

"பேய்க்கதை கதையாதை. நேர்மையானவன் ஏன்ரா முகத்தை மூடுறான்? அவன் கள்ளன்," என்பார் ஆழ்வாப்பிள்ளை.

அன்றைக்குக் கடைசிக் கசெற். முகமூடி கழலும் நாள். விடிய முதல் பஸ்ஸில் லியோன் கப்பலுக்குப் போகிறான். கப்பலில் இரவல் வாங்கின கசெற்றும் அவனோடு போகிறது. நாலு மணிக்குப் படம்.

பார்த்து அன்றைக்கென்று மழை. மரம் ஏறுகிறவன் பிந்தி வந்தான், கள்ளு பிந்தியது, மா பிந்திப் பொங்கியது. பணிஸைத் தகரத்துக்குள் அடுக்கி மூடித் தணல் போட, நாலு மணி ஆகப்போகிறது.

"நீங்கள் போங்கோவன். நான் பாக்கிறன்," என்றாள் மனிசி சிவக்கொழுந்து.

"உனக்குத் தணலின்ரை குணம் தெரியுமோ? கருக்கிப்போடுவாய்."

"முந்தநாளும் இப்பிடிப் பிந்திப் போறணையை விட்டிட்டுப் படத்துக்கு ஓடினது நானோ? அவ்வளவும் கரி. இன்னொருக்கால் மாவைக் கரியாக்கினால் உந்தத் தகரத்தைக் கிணத்துக்கை போடுவன், சொல்லிப்போட்டன்."

ஆழ்வாப்பிள்ளை தகரத்தைப் பார்த்தார். லியோன் வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு வேலியில் சாத்திக் கிடந்த வள்ளத் துடுப்பைப் பார்த்தார்.

"தம்பிஐயா! கட்டுக்கம்பி எடுத்துக்கொண்டு ஓடிவாடா!"

தாச்சி, தகரம், மூடி, மேல் தணல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கம்பியால் வரிந்து கட்டித் துடுப்பில் தொங்கவிட்டார்கள். முன்னுக்கு ஆழ்வாப்பிள்ளை, பின்னுக்குத் தம்பிஐயா.

"ஆட்டாதையடா! தணல் கொட்டுண்டால் உன்ரை காலிலைதான்."

"நீங்கள் ஓடாமல் நடவுங்கோண்ணை!"

பாதி ஒழுங்கையில் தூறல் விழுந்தது. மூடித் தணலில் சுர்ரென்று ஒரு சத்தம். "ஐயோ, அணையப்போகுது!" என்று கத்திக்கொண்டு சிவக்கொழுந்து குடையோடு ஓடிவந்தாள். குடை போறணைக்குத்தான் பிடித்தாள். புருஷன் நனைந்தார்.

வழியில் தன் வீட்டுப் படலையில் நின்ற குணலட்சுமி வாயைப் பொத்திச் சிரித்தாள். "என்ன அண்ணை, சுவாமி வெளிக்கிட்டிட்டாரோ? மேளத்தைக் காணேல்லை?"

"விலகு பிள்ளை, சுட்டுப்போடும்!"

லியோன் வீட்டு விறாந்தையில் போறணையை இறக்கவும் படம் தொடங்கவும் சரியாக இருந்தது. வாசல்நிலையோடு ஒட்டி ஆழ்வாப்பிள்ளை குந்தினார். ஒரு கண் உள்ளே ரீவியில், மற்றக் கண் வெளியே தணலில்.

படம் எடுத்த எடுப்பிலேயே பற்றிக்கொண்டது. கப்பல் தீப்பிடித்தது. பெட்டை பாய்மரத்தில் தொங்கினாள். முகமூடிக்காரன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். அவன் மற்றக் கையை மெல்ல முகத்துக்குக் கொண்டுபோகிறான்.

அப்போதுதான் மணம் வந்தது. பணிஸ் பதமாகும் மணம். இதுக்கு மேலே ஒரு கொட்டாவி விடுகிற நேரம் போனாலும் கரி.

"சிவக்கொழுந்து, மூடியைத் திற!"

அவளோ குடையை மடக்கவும் மறந்து ரீவிக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"தம்பிஐயா!"

தம்பிஐயா கல்லாய்ச் சமைந்திருந்தான்.

"நாசமாய்ப் போவியள்!" என்று ஆழ்வாப்பிள்ளை திரும்பிப் பாய்ந்தார். சாக்கைச் சுற்றிப் பிடித்து மூடியைத் தூக்கினார். உள்ளே பணிஸ் எல்லாம் பொன்னிறம். அதே நொடியில் முதுகுக்குப் பின்னால் வீடே "ஓ"வென்று அலறியது. திரும்பினால் ரீவியில் மேகமும் எழுத்தும்தான் ஓடுகிறது.

"ஆரடா அவன்?"

"தமையன்தான்! நான் சொன்னனான்!" தம்பிஐயா குதித்தான்.

"உன்ரை சொல்லை நான் நம்புவனோ? எடியேய், நீ சொல்லு."

"தமையன்தானப்பா. அவளை உரிச்சு வைச்ச மாதிரி."

"ரெண்டுபேரும் கூட்டுச் சேந்திட்டியள்." ஆழ்வாப்பிள்ளை தலையில் கைவைத்து இருந்துவிட்டார். ஆர் சாட்சி சொன்னாலும் அவருக்குப் போதாது. தன் கண்ணால் பார்க்கவேணும். அது போய்விட்டது.

லியோனின் மனிசி ஸ்ரெல்லா பணிஸ் வாங்கக் கோப்பையோடு வந்தாள். "என்ன அண்ணை, பணிஸ் கருகிப்போச்சோ?"

"பணிஸ் கிடக்கட்டும் பிள்ளை! முகம் போச்சுதே!"

"அதுக்கேன் அழுறியள்?" என்று லியோன் டெக்கில் ஒரு விசையை அமத்தினான்.

மேகம் பின்னுக்குப் போனது. பெட்டையின் கண்ணீர் கன்னத்திலிருந்து கண்ணுக்குள் ஏறியது. ஆழ்வாப்பிள்ளை துள்ளி எழும்பினார். "எடே! போனது திரும்பி வருமோ?"

"நிப்பாட்டியும் வைக்கலாம். இஞ்சை பாருங்கோ."

முகமூடி கழன்ற முகம் நடுங்கிக்கொண்டு நின்றது. ஆழ்வாப்பிள்ளை ரீவிக்குக் கிட்டப்போய், மீன் வாங்குகிறவன் செவுளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மூக்கு. கண். நாடி.

"ம். தமையன்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார், கையைத் தட்டிச் சிரித்தார். பிறகு சட்டென்று திரும்பினார். "இப்பிடித் திருப்பலாமெண்டு ஏன்ரா முதலே சொல்லேல்லை? தணலைக் காவிக்கொண்டு வந்தனானே!"

"நாலு மணி, நாலு மணியெண்டு தியேட்டர்க்காரன் மாதிரிச் சட்டம் போட்டது நீங்கள். கேட்டிருந்தால் ராவைக்கும் போட்டிருப்பன்."

ஆழ்வாப்பிள்ளை வாய் திறக்க முதல், சூட்டுப் பணிஸை வாயில் ஊதி ஊதி மென்றுகொண்டு சிவக்கொழுந்து நடுவில் வந்து சம்மணம் போட்டாள்.

"உங்கடை சண்டையை விட்டிட்டு முதல் கசெற்றிலை இருந்து போடு, தம்பி. நான் இண்டைக்குத்தானே பாக்கிறன். இந்தப் பெட்டை ஏன் வீட்டை விட்டு வெளிக்கிட்டவள்?"

"தள்ளியிரு, மறைக்குது," என்றார் ஆழ்வாப்பிள்ளை.