பேத்தைத் தொப்பியின் கயிறு

என் புருஷன் தராவு சண்டைக்குப் போகும்போது அவன் தொப்பிக் கயிற்றை நான்தான் கட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து அது என் வேலை. எங்கள் தீவில் எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் அதுதான் வேலை, பெண்டாட்டி இல்லாதவனுக்கு மகள் கட்டுவாள்.

முள் பேத்தை மீனைப் பிடித்து, அது கோபத்தில் உப்பியிருக்கும்போதே மணலில் புதைத்து, காய்ந்து விறைத்ததும் அறுத்தெடுத்துத் தலைக்குப் பொருத்துவோம். வெளியே சுற்றிலும் முள், உள்ளே தேங்காய் நாரில் பின்னிய குல்லாய். கயிற்றைக் கடல்தண்ணீரில் நனைத்துத் தாடைக்குக் கீழே முடிந்தால், காயக் காய இறுகும். பிறகு அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

உடம்புக்குக் கயிற்றுக் கவசம். அதன் பின்பலகை தலைக்கும் மேலே எழுந்து நிற்கும். எதிரிக்குப் பயந்து வைத்தது என்று நினைக்கவேண்டாம், எங்களுக்குப் பயந்து வைத்தது. புருஷன் முன்னால் நின்று வெட்டுவான், நாங்கள் பின்னால் நின்று எதிரி மேல் கல்லெறிவோம். அதில் பாதி புருஷன் பிடரியில்தான் விழும்.

எங்கள் தபித்தேவேயாத் தீவில் அரசன் கிடையாது. கிழவர்கள் சபையில் உட்கார்ந்து சொன்னதுதான் சட்டம். சண்டைக்கு அவர்கள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: வெட்டு, கிழி, எலும்பை முறி, ஆனால் கொல்லாதே. கொன்றவனுடைய நிலம் செத்தவன் பிள்ளைகளுக்குப் போய்விடும். அதனால் தன் தொப்பியைவிட எதிராளியின் தொப்பி மேல்தான் எல்லோருக்கும் அக்கறை. தன் மண்டை உடைந்தால் தன் உயிர் மட்டும்தான் போகும். அவன் மண்டை உடைந்தால் தன் பிள்ளைகள் தெருவில் நிற்கும்.

அந்த வருஷம் வானம் பொய்த்துவிட்டது. தென்னையில் பாளை வற்றியது. எங்களுக்கு இருந்தது சேப்பங்கிழங்கு போன்ற பாபாய்க் கிழங்கு விளையும் ஒரு குழி. என் மூன்று பிள்ளைகளின் உயிர் அந்தச் சேற்றில்தான் இருந்தது. பக்கத்து நிலத்துக் கிழவர் நபூத்தியின் குழியில் கடல் புகுந்து கிழங்கெல்லாம் அழுகிவிட்டது. அவருக்கு ஒரு மகள், கரவா. விதவை. அவளுக்கும் பிள்ளைகள்.

ஒருநாள் நபூத்தி எங்கள் தென்னையில் ஏறி, கள்ளுக்குக் கட்டியிருந்த பாளையை வெட்டி எறிந்தார். இறங்கி வந்து தராவின் முகத்துக்கு நேரே துப்பினார்.

"உங்கப்பன் தொடைநடுங்கி. நீ அவனுக்குப் பொறந்தவன்தானே?"

"பெருசு, வயசாச்சேன்னு பாக்குறேன்" என்றான் தராவு.

"பாக்காத. ஆம்பளையா இருந்தா நாளைக்குக் கரைக்கு வா."

தராவுக்கு மூக்குக்கு மேல் கோபம். கிழவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று நான் யோசித்தேன்.

மறுநாள் கரையில் இரண்டு பக்கமும் கூட்டம். தராவு சுறாப்பல் வாளோடு இறங்கினான். எதிரே நபூத்தி, பழைய கவசமும் முள் தொப்பியுமாக. கரவா பின்னால் கல்கூடையோடு நின்றாள், ஆனால் ஒரு கல்லும் எறியவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி, இப்பவே ஒப்பாரியா? இன்னும் அடியே விழலியே!" என்று கத்தினேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

முதல் வீச்சிலேயே கிழவரின் முழங்கைக்குக் கீழே சதை கிழிந்து தொங்கியது. பல்வரிசை இழுத்த இடமெல்லாம் ரத்தம் பீறிட்டது. அதோடு சண்டை முடிந்திருக்க வேண்டும். ரத்தம் பார்த்தவன் பின்வாங்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கிழவர் பின்வாங்கவில்லை. சிரித்துக்கொண்டே தராவின் தொடையில் ஈட்டியால் குத்தினார். முள் ஈட்டி. அதைப் பிடுங்கியபோது சதையும் சேர்ந்து வந்தது.

தராவு அலறினான். வாளை வீசி எறிந்துவிட்டுத் தென்னங்கட்டைத் தடியை எடுத்தான். திரும்பியபோது அவன் கண்ணைப் பார்த்தேன், அதில் மனுஷன் இல்லை. கட்டை கிழவரின் தோளில் விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விலாவில் விழுந்தது. கிழவர் மண்டியிட்டார். வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது.

அப்போதுதான் பார்த்தேன். அவர் தொப்பிக் கயிறு தாடைக்குக் கீழே முடிச்சில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கரவா கட்டவில்லை. மறந்திருக்கமாட்டாள், பெற்ற அப்பனுக்குக் கட்ட எந்த மகள் மறப்பாள்?

நபூத்தி நல்ல கையால் தொப்பியைக் கழற்றி மணலில் வைத்தார். நரைத்த தலையைத் தராவின் முன்னால் நீட்டினார்.

"அடிடா, தொடைநடுங்கி பெத்த பயலே!"

பாளையை வெட்டியதும் துப்பியதும் இதற்குத்தானா! அவர் சண்டை போட வரவில்லை, எங்கள் குழியை வாங்க வந்திருக்கிறார், தன் மண்டையைக் கொடுத்து.

"யோவ், நிறுத்துய்யா! கெழவன் சாகத்தான் வந்திருக்கான்!"

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு கல்லை எறிந்தேன். பின்பலகையில் பட்டுத் தெறித்தது. இன்னொன்றும் அப்படியே. பலகை செய்தவன் நாசமாய்ப் போக. தராவு கட்டையை இரண்டு கையாலும் ஓங்கினான்.

ஓடினேன். மணலில் கிடந்த தொப்பியை அள்ளினேன். முட்கள் இரண்டு உள்ளங்கையிலும் இறங்கின. அப்படியே கிழவர் தலையில் கவிழ்த்து, என் உடம்புக் கனத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். கட்டை இறங்கியது. தொப்பி சப்பென்று நசுங்கியது, என் வலதுகை விரல்கள் இரண்டு அதனடியில் நொறுங்கின. கிழவரின் நெற்றியில் ரத்தம் வழிந்தது. ஆனால் மூச்சு இருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"பாவி... எம் பேரப்புள்ளைங்க வாயில விழுந்த கெழங்கத் தட்டிவிட்டுட்டியே."

"எம் புள்ளைங்க வாயிலேருந்து புடுங்கித்தான் ஒம் பேரனுக்கு ஊட்டணுமா? பொழச்சுக் கெட!"

சாயங்காலம் ஒரு பாபாய்க் கிழங்கைக் கரவா வீட்டு முன்னால் வீசிவிட்டு வந்தேன். கொடுக்கவில்லை, வீசினேன். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. மழை வருவதற்குள் நபூத்தி பசியில் செத்துப்போனார். பசி கொன்றால் நிலம் கொடுக்க ஆளில்லை.

அடுத்த வருஷம் கடல் எங்கள் குழிக்குள்ளும் வந்தது. கிழங்கைத் தோண்டினால் கையோடு கூழாக வந்தது. பிறகு ஒருநாள் தராவு மேற்குக் கரையில் நாலு குழி வைத்திருக்கிறவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவைத் திட்டிவிட்டு வந்தான்.

சண்டை நாளன்று காலையில் வழக்கம்போல் தொப்பியை அவன் தலையில் வைத்தேன். கோணிப்போன விரல்களால் கயிற்றை எடுத்தேன். அவன் தாடையைத் திருப்பிக்கொண்டான்.

"கட்டாத, அக்கோயா" என்று என் பேர் சொல்லிக் கேட்டான். "சும்மா தொங்கட்டும்."

பின்னால் என் பிள்ளைகள் காய்ந்த தாழங்காயைச் சப்பிக்கொண்டிருந்தார்கள். கடைக்குட்டிக்கு எலும்பு எண்ணலாம். கயிறு என் கையில் இருந்தது. கரவாவைப் பார்த்து ஒப்பாரியா என்று கேட்டேனே, அது நினைவு வந்தது.

அவன் தாடியைப் பிடித்து இழுத்தேன். கயிற்றைக் கடல்தண்ணீரில் முக்கி, அவன் முகம் சிவக்கும்வரை இறுக்கி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டேன்.

"புள்ளைங்க?" என்றான். அவன் கண்ணில் தண்ணீர்.

"ரத்தம் பாத்ததும் திரும்பி வா. வந்து மீனப் புடி. நீ செத்து வர்ற கெழங்குல எம் புள்ளைங்க வளர வேணாம்."

கரைக்கு நடந்தான். கல்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். சங்கு ஊதியதும், நான் சொன்னது அவனுக்கு நினைவிருக்கட்டும் என்று, முதல் கல்லை அவன் பின்பலகை மேலேயே எறிந்தேன்.