நைட் ஷிப்ட் டீமின் லீடர்

"பேரு இன்னா வைக்கலாம், சொல்லு."

"எதுக்கு?"

"டீமுக்குத்தான். பேரு போட்டாதான் அடுத்த பக்கத்துக்குப் போவும்."

"நாம தூங்குறப்ப அது வேல செய்யும்னீங்களே. நைட் ஷிப்டுனு வைங்க."

நாகப்பன் சிரித்துக்கொண்டே அதையே அடித்தான். கீழே 'லீடர்' என்று கேட்ட இடத்தில் தன் பெயரைப் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த கலைமணிக்கு, என் பேரையும் போடுங்களேன் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. பேர் வைத்ததே தான்தானே என்று விட்டுவிட்டாள்.

ஏழு வருடத்துக்கு முந்தைய பேச்சு. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைக்கும்போது அது ஏனோ நினைவுக்கு வந்தது. துடைத்தால்தான் உள்ளே அவன் முகம் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைத்தான் தேடினார்கள். காலையிலிருந்து எத்தனை முறை துடைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்தவன், இன்று விடிகிற நேரத்தில் போய்விட்டான். கலைமணிக்கு அழுகை வரவில்லை. இடுப்புதான் வலித்தது. இரண்டு வருடம் அவனைத் திருப்பிப் படுக்க வைத்த இடுப்பு. நாத்தனார் கிளியம்மாள், "கல்லு மாரி குந்திகினு கீறா பாரு" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கு வருத்தப்படக்கூடத் தெம்பில்லை.

உள்ளறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் இது எதற்கு, நிறுத்து என்று கிளியம்மாள் இரண்டு முறை சொல்லிவிட்டாள். இருக்கட்டும் என்று கலைமணி முடித்துக்கொண்டாள். சும்மா கிடக்கும் நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர், எங்கோ இருக்கும் மருந்து ஆராய்ச்சிக்காரர்களின் கணக்குகளை வாங்கிப் போட்டுக் கொடுக்கும் என்பதை இப்போது யாருக்கு விளக்குவது? உலகம் முழுக்க அப்படிச் செய்கிறவர்கள் டீம் டீமாகச் சேர்ந்திருந்தார்கள். ஒரகடத்தில் லாரி பாகம் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்த நாகப்பன் தொடங்கியதுதான் நைட் ஷிப்ட். கூட வேலை செய்தவர்கள், அவர்களுடைய தம்பிகள், மச்சான்கள் என்று நூற்று நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அவன் விழுந்த பிறகு அதைக் கலைமணிதான் பார்த்துக்கொண்டாள். லேப்டாப் சூடாகிறது, கணக்கு பாதியில் நிற்கிறது என்று யார் எழுதினாலும், அவனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து பதில் எழுதுவாள். ஆனால் அவள் வெறும் உறுப்பினர். டீமின் முகப்பில் நாகப்பன் எழுதி வைத்த பழைய பொங்கல் வாழ்த்தை மாற்றக்கூட லீடரால்தான் முடியும்.

லீடர் ரொம்ப நாள் பேசாமல் இருந்தால் வேறு உறுப்பினர் அந்தப் பொறுப்பைக் கேட்கலாம் என்று அங்கே ஒரு விதி. கேட்டால் லீடருக்கு மெயில் வரும். அறுபது நாளில் அவர் மறுக்காவிட்டால், கேட்டவர் எடுத்துக்கொள்ளலாம். முதல் மெயில் வந்தபோது நாகப்பன் படுத்து எட்டு மாதம். கேட்டிருந்தவன் இளம்பரிதி, கம்பெனியில் நாகப்பனிடம் வேலை பழகிய பையன். கலைமணி நாகப்பனின் கணக்கில் நுழைந்து மறுப்பை அழுத்தினாள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடியும் அழுத்தினாள்.

அதே பக்கத்தில் லீடர் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்கும் இடமும் இருந்தது. தன் பெயரைத் தேர்ந்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். பல நாள் விரல் அங்கே போய்த் திரும்பியது. அவன் பேரில் அடுத்தவனுக்கு இல்லை என்று சொல்வது வேறு, தனக்கே எடுத்துக்கொள்வது வேறு. தூங்குகிறவன் சட்டைப் பையில் கை விடுவது போல இருந்தது.

அவனைக் கேட்டிருக்கலாம். பேச்சு போனாலும் காது கேட்டது. ஒரு முறை கண்ணை மூடித் திறந்தால் சரி என்று அர்த்தம். தண்ணி வேணுமா, திருப்பிப் படுக்க வைக்கட்டா, எல்லாம் அப்படித்தான் கேட்டாள். இதை மட்டும் கேட்க முடியவில்லை. கேட்டால், இனி நீ எழுந்து உட்காரப் போவதில்லை என்று அவனிடமே சொன்னது போல ஆகிவிடும்.

மூன்றாவது மெயில் வந்த வாரம் அவனுக்குக் கஞ்சி இறங்குவது குறைந்துபோனது. அவள் மறுப்பை அழுத்தாமல் மெயிலை அப்படியே விட்டுவிட்டாள். இன்றோடு அறுபது நாள்.

மூன்று மணிக்கு, முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் படப்பை முனையில் இறங்கி நடந்து வந்தார்கள். இளம்பரிதி மாலையை வைத்துவிட்டு வெகுநேரம் பெட்டியருகிலேயே நின்றான். பிறகு பின்கட்டுக்கு வந்தான். கலைமணி ஆறிப்போன டீயுடன் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, இப்ப பேசக் கூடாது. ஆனா இன்னிக்குத்தான் கடைசி நாளு. நான் அத எடுத்துக்க மாட்டேன்."

"கேட்டது நீதான, தம்பி."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். முதல் தடவை டீம் அப்படியே கிடக்கிறதே என்றுதான் கேட்டானாம். மறுப்பு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு லைனில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் காட்டினானாம். சூப்பர்வைசர் திட்டியும் கேட்கவில்லை.

"அண்ணனுக்குக் கை வேல செய்யுதுன்னு கேன்டீன்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன், அண்ணி. ரெண்டாவது தரம் கேட்டதே அதுக்குத்தான். எனக்கு லீடரும் வேணாம், ஒண்ணும் வேணாம். வேணாம்னு அவரு அமுக்கணும், அவ்ளோதான். அவர அந்தக் கோலத்துல நேர்ல வந்து பாக்க முடில என்னால. இந்தத் தரம் பதிலே வரல. ஒரு மாரி ஆயிடிச்சி."

கலைமணி டீயைக் கீழே வைத்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம். விட்டால் இவன் காலத்துக்கும் அப்படியே நம்பிக்கொண்டிருப்பான்.

"அது அவரு இல்ல. நான்தான் அமுக்கினேன்."

அவன் நிமிரவில்லை. முன்வாசலில் மேளத்தைக் காய்ச்சும் வைக்கோல் புகை பின்கட்டு வரை வந்தது. "எங்களுக்கெல்லாம் பதில் எழுதுனது நீங்கதான. நீங்களே இருங்க, அண்ணி" என்றான்.

"அவரு குடுக்கணுமில்ல" என்றாள் கலைமணி.

முகம் பார்ப்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வாசலில் குரல் கேட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். பெண்கள் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். கிளியம்மாள் அவள் கையைப் பிடித்து அரிசியை வைத்தாள். கலைமணி மூன்று முறை போட்டாள். போட்டவள் நகரவில்லை.

"போதும், வா கலை. நேரமாவுது" என்று கிளியம்மாள் தோளைத் தொட்டாள்.

கலைமணி குனிந்தாள். அவன் உதட்டில் ஒட்டியிருந்த ஒரு அரிசியை விரலால் வாய்க்குள் தள்ளிவிட்டாள். நெற்றி சில்லென்றிருந்தது. இப்போதாவது அழுவாள் என்று சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவள் அவன் காதருகே, தண்ணி வேணுமா என்று தினமும் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"ஏங்க, டீம எனக்குக் குடுங்க. இனிமே நான் லீடரா இருக்கேன்."