முன்வரிசையில் ஒரு சாம்பல் கோட்டு

பதுளையில் பார்த்த அதே ஆள் பண்டாரவளையிலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் கஸ்பர் தலைப்பாகையை நெற்றிக்கு இறக்கிக்கொண்டான்.

சாம்பல் நிறக் கோட்டு. மடியில் தொப்பி. கொட்டகையே எழுந்து நின்று விசிலடித்தபோதும் அந்த ஆள் கையைத் தட்டவில்லை. கோதாவில் யார் யாரைத் தூக்கி எறிந்தாலும் அவன் பார்வை கஸ்பரின் முகத்தை விட்டு நகரவில்லை. கஸ்பரின் சுற்று முடிந்ததும் எழுந்து போய்விட்டான். குஸ்தி பார்க்க வந்தவன் இப்படிப் பார்க்கமாட்டான்.

கஸ்பருக்கு அப்படி யாரும் பார்ப்பது ஆகாது. நோட்டீசில் அவன் பெயர் கஸ்பர் இல்லை. 'பெஷாவர் புலி உஸ்மான் கான்'. கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் அவன். பதினாறு வயதில் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு கொழும்புக்கு ஓடினான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினான், கொட்டாஞ்சேனைக் குஸ்திக் கொட்டகையில் பிடிகளைப் பழகினான். குஸ்திக் கம்பனி முதலாளி முத்துலிங்கம் அவனுடைய ஆறடி உயரத்தையும் தாடியையும் பார்த்துத்தான் தலைப்பாகை கட்டிவிட்டார்.

"நம்ம ஆளு ரெண்டு பேரு கட்டிப் பொரண்டா எவன்டா டிக்கட் எடுப்பான்? வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் வந்து நம்மாள அடிக்கணும். அப்பத்தான் சனம் வரும்" என்றார். ஒரே ஒரு கட்டளை: அறைக்கு வெளியே தமிழில் வாய் திறக்கக் கூடாது.

இது ஐம்பத்தேழாம் வருஷம். பதுளையில் அவர்கள் தங்கிய விடுதியில் பக்கத்து அறையில் துணி விற்கிற ஒருவர் இருந்தார். ஒருநாள் காலை இரண்டு சி.ஐ.டி.க்காரர்கள் வந்து அவரிடம் குடியுரிமைப் பத்திரம் கேட்டார்கள். "நான் இங்கதாங்க பொறந்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். துணிமூட்டையோடு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. தோட்டத்து ஆட்கள் பலரைப் போலக் கஸ்பரிடமும் அந்தப் பத்திரம் கிடையாது. அதோடு, அவன் பெஷாவரிலிருந்து வந்தவன் என்று சொல்லும் நோட்டீசுகள் அவன் படத்துடனேயே மலைநாடு முழுக்க ஒட்டப்பட்டிருந்தன.

போட்டிக் காலத்தில் ஊருக்கு மூன்று நாள். காலையில் ஒலிபெருக்கி கட்டிய காரில் நின்று மீசையை முறுக்க வேண்டும். பகலில் அறைக்குள்ளேயே தண்டால், பத்து முட்டை, ஒரு செம்பு பால். சாயந்தரம் குஸ்தி. வெற்றி தோல்வி எல்லாம் முத்துலிங்கம் முன்கூட்டியே தீர்மானித்தது. ஊருக்கு ஊர் உஸ்மான் கான் கள்ளத்தனமாய்க் குத்தி ஜெயிக்க வேண்டும், ஆண்டியப்பன் தோற்க வேண்டும். கடைசியாக ஹட்டனில் மட்டும் ஆண்டியப்பன் அவனை மல்லாத்தி ஜெயிக்க வேண்டும்.

ஆண்டியப்பன் கம்பளைக்காரன். நாலு வருஷமாகக் கஸ்பரோடு ஒரே அறை, ஒரே சட்டி. வெளியே பேசமுடியாத கஸ்பருக்காகக் கடைக்குப் போவதும் பால் வாங்குவதும் அவன்தான்.

பண்டாரவளையில் மறுநாள் காலை கஸ்பர் மேல்மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தான். எதிர்த் தேத்தண்ணிக் கடையில் சாம்பல் கோட்டுக்காரனோடு ஆண்டியப்பன் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தான். கோட்டுக்காரன் ஏதோ கேட்டான். ஆண்டியப்பன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். போகும்போது கோட்டுக்காரன் அவன் பீடிக்கு நெருப்புப் பற்றவைத்தான்.

ஆண்டியப்பன் செம்போடு அறைக்கு வந்தான்.

"இவ்வளவு நேரம் எங்க போன?"

"பாலு வாங்கத்தான்."

"யாரையாச்சும் பாத்தியா?"

"பால்காரனப் பாத்தேன். வேற யாரு?" என்று சொல்லிவிட்டு ஆண்டியப்பன் முகத்தைத் துடைக்கத் துவாயை எடுத்தான்.

அந்தப் பொய் கஸ்பரின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று பாலைக் குடிக்காமல் ஜன்னல் வழியாக ஊற்றினான். பதுளையில் ஆண்டியப்பன் தோளுக்கு எண்ணெய் தேய்த்தபடி சொன்னது நினைவுக்கு வந்தது: "தோத்துத் தோத்து எனக்கே நான் சோப்ளாங்கியோன்னு தோணுதுடா." அப்போது இருவரும் சிரித்தார்கள். இப்போது அதில் சிரிப்பு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. உஸ்மான் கான் ஒழிந்தால் கம்பனியில் பெரிய பயில்வான் யார்? ஆண்டியப்பன்தானே. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் எங்கே என்று கஸ்பர் பார்த்தான். யாரோடாவது குனிந்து பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தான்.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன். குதிரைப் பந்தயம் பார்க்க வந்த கூட்டம் சாயந்தரம் குஸ்திக்கும் வந்தது. குளிரில் உடம்பு இளகவே அரைமணி நேரம் ஆயிற்று. திரைக்குப் பின்னால் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டிருந்த கஸ்பர் திரும்பிப் பார்த்தபோது, ஆண்டியப்பன் திரையை விலக்கி முன்வரிசையைப் பார்த்து ஏதோ கைசாடை காட்டிக்கொண்டிருந்தான். கஸ்பர் எட்டிப் பார்த்தான். சாம்பல் கோட்டு.

இரண்டாம் சுற்றில் கஸ்பர் ஆண்டியப்பனைக் குப்புறத் தள்ளி இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்க வேண்டும். வலித்தால் மணிக்கட்டில் இரண்டு தட்டு, உடனே பிடியைத் தளர்த்த வேண்டும். இதுதான் தொழிலில் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கை.

ஆண்டியப்பன் இரண்டு தட்டுத் தட்டினான். கஸ்பர் விடவில்லை. காதருகில் குனிந்தான்.

"யாருக்கிட்டடா என்னயக் காட்டிக்குடுத்த?"

"கைய விடுடா… கஸ்பரு…"

மறுபடியும் இரண்டு தட்டு. கஸ்பர் இன்னும் ஒரு விரற்கடை மேலே தூக்கினான். தோளுக்குள் 'மொளுக்' என்றது. ஆண்டியப்பன் அலறினான். அது நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சாம்பல் கோட்டுக்காரன் மட்டும் எழுந்து நின்றுவிட்டான்.

ஹட்டனுக்குப் போகும் ரயிலில் ஆண்டியப்பன் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். கொட்டகலையில் ரயில் நின்றபோது கஸ்பர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டான்.

ஹட்டன் விடுதியில் மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சாம்பல் கோட்டு. ஓடுவதற்குப் பின்கதவு இல்லை.

"க்யா?" என்று உருதுவில் கேட்டான் கஸ்பர், குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு.

வந்தவன் தொப்பியைக் கழற்றினான். கிட்டத்தில் பார்த்தால் களைத்த மனிதனாகத்தான் தெரிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க. நான் இங்க ஸ்டேஷன்ல போட்டரா இருக்கேன். பேரு அந்தோனிமுத்து. கொட்டகலத் தெரேசாவோட வீட்டுக்காரன்."

கஸ்பர் கதவைப் பிடித்தபடியே நின்றான்.

"ஸ்டேஷன் சொவத்துல உங்க படத்தப் பாத்ததுல இருந்து வீட்ல ஒரே அழுக. 'தாடி வச்சா அப்பிடியே எங்கப்பா மூஞ்சி. போய்ப் பாத்துட்டு வாங்க'ன்னா. ரயில்வே பாஸ் இருக்குல்ல, வந்தேன். உங்க கூட்டாளி, 'இவரு பெஷாவர்க்காரரு, தமிழ்ல ஒரு சொல்லுத் தெரியாது'ன்னு சத்தியமே பண்ணிட்டாரு. நான் நம்பிட்டேன். அவ நம்பல, திரும்பவும் அனுப்பிட்டா. நுவரெலியாவுல பாத்தாலும் அவரு அதே சத்தியம். உங்ககிட்ட வராதன்னு திரைக்குப் பின்னாடியிருந்து கையக் காட்டி வெரட்டுறாரு." கொஞ்சம் தயங்கினான். "நீங்க செத்துட்டதா நெனச்சு வருசா வருசம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு உங்க பேர்ல பூச குடுக்குறோம் மச்சான். இந்த வருசம் குடுக்கணுமா வேணாமான்னாவது தெரியணும்ல."

கஸ்பருக்கு வாயிலிருந்து தமிழ் தானாக வந்தது.

"அக்கா நல்லா இருக்காளா?"

அந்தோனிமுத்து போன பிறகு கஸ்பர் பக்கத்து அறைக்குப் போனான். இந்தத் தடவை தனி அறை கேட்டு வாங்கியிருந்த ஆண்டியப்பன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கஸ்பர் நடந்ததைச் சொன்னான்.

"எனக்கெப்பிடித் தெரியும் அது உன் மச்சான்னு?" என்றான் ஆண்டியப்பன். "நான் சி.ஐ.டி.ன்னுதான் நெனச்சேன். அதான் சத்தியம் பண்ணேன்."

"என்கிட்ட ஏன்டா மறைச்ச?"

"அந்தத் துணிக்காரரக் கூட்டிட்டுப் போனதுல இருந்து உனக்குத் தூக்கமே இல்ல. இதையும் சொன்னா நீ எப்பிடிடா கோதாவுல நிப்ப?"

கஸ்பர் அவன் காலடியில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்டான். ஆண்டியப்பன் கழுத்தில் கட்டியிருந்த துணியை வலது கையால் சரிசெய்துகொண்டான்.

"நாலு வருசம் ஒண்ணாத் தின்னோம். ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஹட்டன் இறுதிப் போட்டியில் ஆண்டியப்பனுக்குப் பதிலாக அழகன் என்ற புதுப் பயில்வானை முத்துலிங்கம் இறக்கினார். அழகனுக்குப் பிடி பழக்கம் போதாது. மூன்றாம் சுற்றில் கஸ்பரைத் தூக்கிப் போட்டவன் நிஜமாகவே அவன் நெஞ்சின்மேல் விழுந்தான். கஸ்பருக்கு மூச்சு அடைத்தது. நடுவர் எண்ணத் தொடங்கினார்.

"ஐயோ கஸ்பரு! எந்திரிடா தம்பி!"

பெண்கள் பக்கம் வாங்கின்மேல் ஏறி நின்று தெரேசா கத்திக்கொண்டிருந்தாள். பதினாலு வருஷம் கழித்துக் கேட்ட குரல். நடுவர் எண்ணுவதை நிறுத்தினார். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"என்னடா, பெஷாவர்க்காரனத் தம்பிங்குது அந்தம்மா?"

"ஏமாத்துறானுங்கடா!"

கோதாவுக்குப் பக்கத்தில் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு நின்ற ஆண்டியப்பனை எல்லாரும் பார்த்தார்கள். "ஆண்டியப்பண்ணே, நீங்க சொல்லுங்க. யாரு இந்தாளு?" என்று ஒருவன் கேட்டான். வாசலில் நின்ற கான்ஸ்டபிளும் எட்டிப் பார்த்தார்.

ஆண்டியப்பன் என்ன சொல்லப்போகிறான்? கீழே கிடந்த கஸ்பருக்கு ஊகிக்க முடியவில்லை. மூன்றாம் தடவையும் தனக்காகச் சத்தியம் பண்ணச் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கவில்லை.

"அவனுக்கென்ன வாயா இல்ல? அவனையே கேளுங்க" என்றான் ஆண்டியப்பன்.

கஸ்பர் எழுந்து நின்றான். தலைப்பாகை எங்கோ உருண்டுவிட்டது.

"நான் கஸ்பருங்க. கொட்டகலப் பக்கம் லயத்துல பொறந்தவன். பெஷாவர் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது."

பாதிக் கூட்டம் காசைத் திருப்பிக் கேட்டுக் கத்தியது. தோடம்பழத் தோல்கள் கோதாவுக்குள் விழுந்தன. மீதிக் கூட்டம் நம்ம ஆளுடா என்று கூச்சல் போட்டது. கான்ஸ்டபிள் தள்ளிக்கொண்டு முன்னே வந்து, "நம மொகத?" என்று சிங்களத்தில் பெயர் கேட்டார். அதற்குள் அந்தோனிமுத்து இடையில் புகுந்து, இது என் பெண்சாதியின் தம்பி என்று சிங்களத்திலேயே சொன்னான். கான்ஸ்டபிளுக்கு அது தினமும் ஸ்டேஷனில் பார்க்கிற முகம். அவர் கஸ்பரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாசலில் நடந்த அடிபிடியை விலக்கப் போனார்.

முத்துலிங்கம் அன்றைக்கே அவனைக் கம்பனியிலிருந்து விலக்கினார். கஸ்பர் தெரேசாவின் வீட்டில் தங்கி, ஸ்டேஷனில் சாமான் தூக்கினான். பத்திரம் இன்னும் கிடையாது; ஸ்டேஷன் வாசலில் கோட்டுப் போட்ட புது ஆள் யார் தெரிந்தாலும் வேலையில் அவன் கை நின்றுவிடும்.

'நம்ம ஆளுடா' என்ற ஹட்டன் கூச்சலை மறக்காத முத்துலிங்கமே அடுத்த போட்டிக் காலத்துக்கு வந்து கூப்பிட்டார். 'கொட்டகலை கஸ்பர்' என்று நோட்டீஸ் அடித்தார். ஆண்டியப்பனின் தோள் தேறியிருந்தது. மறுபடியும் ஒரே அறை, ஒரே சட்டி. பேச்சும் சிரிப்பும்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. கோதாவில் மட்டும் கஸ்பர் நெருங்கும்போதெல்லாம் ஆண்டியப்பன் இடது கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அது ஏதோ புது வித்தை என்று கூட்டம் விசிலடித்தது. கஸ்பர் அந்தக் கையைத் தொடப் போகவில்லை.